எம்பிஏ காத்திருக்கும்

கேள்வி:



எனக்கு 24 வயது. சொந்த ஊர் கிருஷ்ணகிரி. 2023-ல் பி.இ. எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் முடித்தேன். கேம்பஸில் கிடைத்த வேலையோடு பெங்களூர் வந்து இரண்டு வருடம் ஆகிறது. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு ஐடி சர்வீஸ் கம்பெனி. வெளிநாட்டு இன்சூரன்ஸ் நிறுவனம் ஒன்றின் மென்பொருளை டெஸ்டிங் செய்வது என் வேலை. கைக்கு வருவது 29,000 ரூபாய். அதில் வீட்டுக்குப் பத்தாயிரம் அனுப்புகிறேன்.

வேலை சலித்துவிட்டது. "இந்த லைன்ல எம்பிஏ இல்லாம மேல போக முடியாதும்மா" என்கிறார் என் டீம் லீட். இங்கே ஒரு தனியார் மேனேஜ்மென்ட் கல்லூரியில் விசாரித்தேன். இரண்டு வருடத்துக்கு 13 லட்சம், ஹாஸ்டல் தனி. இன்டர்வியூ போனிலேயே முடிந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் 50,000 கட்டினால் சீட் உறுதி என்கிறார்கள். அப்பா மாங்கூழ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். ஊரில் இருக்கும் மனையை பேங்கில் வைத்து லோன் வாங்கித் தருகிறேன் என்கிறார்.

கல்லூரியில் கடைசி வருட புராஜெக்ட்டுக்கு நானும் இரண்டு தோழிகளும் வெரிலாக் மொழியில் யுஆர்ட் என்ற தகவல் அனுப்பும் சர்க்யூட் ஒன்றை எழுதி எஃப்பிஜிஏ போர்டில் ஓட்டினோம். பல நாள் திரையில் குப்பைதான் வந்தது. பாட் ரேட் கணக்கில் கிளாக்கைத் தப்பாக வகுத்திருந்தோம் என்று ஒரு ராத்திரி கண்டுபிடித்தேன். முதல் எழுத்து சரியாக வந்தபோது நாங்கள் போட்ட சத்தத்தில் வார்டன் ஓடி வந்துவிட்டார். அப்போது எம்.டெக் படிக்க ஆசை இருந்தது. அதற்கான கேட் தேர்வு கஷ்டம், எம்.டெக் முடித்தால் லெக்சரர் வேலைதான் என்று எல்லோரும் சொன்னதால் விட்டுவிட்டேன். எதுவாக இருந்தாலும் 27 வயதுக்குள் முடித்துவிடு என்கிறார் அம்மா. நான் எதைத் தேர்ந்தெடுக்கட்டும்?

ஒரு வாசகி, எலெக்ட்ரானிக் சிட்டி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 50,000 ரூபாயைக் கட்டாதீர்கள். போனில் இன்டர்வியூ முடித்து மாதக் கடைசி என்று கெடுவும் வைக்கும் கல்லூரிக்குக் காலி இடம் நிரம்ப வேண்டும், அவ்வளவுதான். இந்த வருடம் விட்டால் அடுத்த வருடமும் உங்களைக் கூப்பிடுவார்கள். அநேகமாக ஃபீஸில் சலுகையும் சொல்வார்கள்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். எம்பிஏ பற்றி நீங்கள் எழுதியதெல்லாம் உங்கள் டீம் லீட் சொன்னது, கல்லூரி சொன்னது, அப்பா சொன்னது. அந்தப் படிப்பில் என்ன சொல்லிக்கொடுப்பார்கள், அதை முடித்து என்ன வேலை பார்க்க ஆசை என்று ஒரு வரிகூட இல்லை. யுஆர்ட் பற்றி எழுதும்போது மட்டும் கிளாக்கை எப்படித் தப்பாக வகுத்தீர்கள் என்பதுவரை நினைவிருக்கிறது. சிப் டிசைன் வேலைக்கு ஆள் எடுக்கும் மேசையில் நெடுநாள் உட்கார்ந்தவன் நான். தான் செய்த தப்பை இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறவர்களைத்தான் அங்கே தேடுவோம்.

உங்கள் டீம் லீட் சொன்னது பாதி சரி. சர்வீஸ் கம்பெனியில் டெஸ்டிங்கிலேயே இருந்தால் ஒரு கட்டத்துக்கு மேல் நகர முடியாதுதான். ஆனால் பெங்களூர் டெக் கம்பெனிகளில் மேனேஜராக இருப்பவர்களின் பயோடேட்டாவைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலோர் இன்ஜினியராகச் சேர்ந்து, ஒரு மாட்யூலுக்குப் பொறுப்பேற்று, நாலு பேருக்கு வேலை பிரித்துக் கொடுத்து, அப்படியே மேலே வந்தவர்கள். எம்பிஏ உங்களை ஏற்கெனவே இருக்கும் டீமுக்கு மேனேஜர் ஆக்காது. அது வேறு வேலைகளுக்குக் கதவு திறக்கும்: கன்சல்டிங், பேங்கிங், மார்க்கெட்டிங், பிராடக்ட் மேனேஜ்மென்ட், விற்பனை. இவற்றில் எதுவாவது உங்கள் மனதில் இருந்திருந்தால் என் பதிலும் மாறியிருக்கும்.

இந்த ஊரின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஃபோசிஸைத் தொடங்கியவர்களில் நாராயண மூர்த்தி 1969-ல் ஐஐடி கான்பூரில் எம்.டெக் முடித்தவர். பிறகு அகமதாபாத் ஐஐஎம்மில் வேலைக்குச் சேர்ந்தார். மேலாண்மை படிக்க அல்ல, அங்கிருந்த கம்ப்யூட்டர் மையத்தைப் பார்த்துக்கொள்ள! கிரிஸ் கோபாலகிருஷ்ணன் ஐஐடி மெட்ராஸில் எம்.டெக் படித்தவர். நந்தன் நிலேகனி பி.டெக்கோடு நின்றுகொண்டார். கம்பெனி நடத்த இவர்களிடம் யாரும் எம்பிஏ சான்றிதழ் கேட்கவில்லை.

சுந்தர் பிச்சையும் சத்யா நாதெள்ளாவும் எம்பிஏ படித்தவர்கள்தானே என்று உங்கள் டீம் லீட் கேட்கலாம். படித்தவர்கள்தான். எந்த வரிசையில் படித்தார்கள் என்று பாருங்கள். பிச்சை ஸ்டான்ஃபோர்டில் பொறியியலில் எம்.எஸ். முடித்து, அப்ளைடு மெட்டீரியல்ஸில் இன்ஜினியராக வேலை பார்த்து, அதற்கும் பிறகு வார்ட்டனில் எம்பிஏ சேர்ந்து 2002-ல் முடித்தார். நாதெள்ளா 1990-ல் விஸ்கான்சின் மில்வாக்கியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எம்.எஸ். முடித்தார். மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்துக்கொண்டே சிகாகோ பல்கலைக்கழகத்தில் எம்பிஏ படித்து 1997-ல் வாங்கினார். இருவருக்கும் தொழில்நுட்பம் முதலில், மேலாண்மை பிறகு. எல்லோரும் பிச்சை ஆகப்போவதில்லை, அது கிடக்கட்டும். அந்த வரிசையில் ஒரு நியாயம் இருக்கிறது.

எம்பிஏவுக்கு வயது கூடக்கூட மதிப்பு கூடும். ஐந்தாறு வருடம் வேலை பார்த்து, ஒரு புராஜெக்ட் கவிழ்ந்ததைக் கண்ணால் பார்த்து, கிளையன்டிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தவருக்கு வகுப்பில் சொல்வது சட்டென்று பிடிபடும். பன்னேர்கட்டா ரோட்டில் ஐஐஎம் பெங்களூர் நடத்தும் ஒரு வருட முழுநேரப் படிப்பு அனுபவசாலிகளுக்கென்றே உள்ளது. வேலையை விடாமல் வார இறுதியில் படிக்கும் திட்டமும் அங்கே உண்டு. முப்பதிலும் சேரலாம், முப்பத்தைந்திலும் சேரலாம். எம்.டெக் அப்படியல்ல. நெட்வொர்க் தியரியும் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸும் உங்கள் தலையில் இந்த இரண்டு வருடத்தில் ஏற்கெனவே துருப்பிடித்திருக்கும். இன்னும் மூன்று வருடம் விட்டால் கேட் புத்தகத்தைத் திறக்கவே மனம் வராது. எது கெட்டுப்போகுமோ அதை முதலில் எடுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. இன்சூரன்ஸ் டெஸ்டிங்கில் இரண்டு வருடம் இருப்பவரின் பயோடேட்டா சிப் கம்பெனிக்குப் போனால் அநேகமாகத் திறக்கவே மாட்டார்கள். திறமையில்லை என்பதால் அல்ல. அனுபவசாலிப் பட்டியலில் பார்த்தால் உங்களிடம் அந்த அனுபவம் இல்லை, ஃப்ரெஷர் பட்டியலில் நீங்கள் இல்லவே இல்லை. நல்ல இடத்தில் எம்.டெக் சேர்ந்தால் நீங்கள் மறுபடியும் ஃப்ரெஷர். குவால்காம், இன்டெல், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் போன்ற கம்பெனிகள் உங்களைத் தேடி கேம்பஸுக்கு வரும். இரண்டாம் வருடம் இன்டர்ன்ஷிப், அதிலிருந்து வேலை என்பதுதான் அந்தத் துறையில் வழக்கமான பாதை. ஃபிசிக்கல் டிசைன், வெரிஃபிகேஷன், அனலாக் டிசைன் வேலைகளில் எம்.டெக் ஆட்களை விரும்பி எடுப்பார்கள். பாடத்தைவிட இந்த இரண்டாவது ஃப்ரெஷர் வாய்ப்புக்குத்தான் நான் அதிக விலை கொடுப்பேன்.

இந்தச் சிப் வேலைக்கு உங்களைப்போல வசதியான ஊரில் இருப்பவர் வேறு யாருமில்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தன் டிசைன் மையத்தைப் பெங்களூரில் திறந்தது 1985-ல். அதன் பின்னால் மற்றவை வரிசையாக வந்தன. 2021 டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாய் செமிகண்டக்டர் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதன் தொழிற்சாலைகள் குஜராத்துக்கும் அசாமுக்கும் போனாலும், சிப்பை வரையும் வேலையின் பெரும்பகுதி இன்னும் உங்கள் ஊரில்தான் நடக்கிறது.

இப்போது பணம். 13 லட்சம் ஃபீஸும் ஹாஸ்டலும் சேர்ந்து 15 லட்சம் கடன் என்று வையுங்கள். பத்து சதவீத வட்டியில் ஏழு வருடத்தில் அடைக்க மாதத் தவணை ஏறக்குறைய 25,000 ரூபாய். படிக்கும் இரண்டு வருடத்து வட்டி அசலில் ஏறினால் இன்னும் கூடும். இன்று நீங்கள் கைக்கு வாங்கும் சம்பளமே 29,000. படித்து முடித்தபின் என்ன கிடைக்கும் என்று அந்தக் கல்லூரி காட்டும் பிளேஸ்மென்ட் விளம்பரத்தை நம்பாதீர்கள். அதிகபட்ச பேக்கேஜ் பெரிய எழுத்தில் இருக்கும். சராசரியும் சரிப்படாது, ஒரே ஒருவருக்கு 30 லட்சம் கிடைத்தால் சராசரி மேலே ஏறிவிடும். மீடியன் என்ன என்று கேளுங்கள். வகுப்பில் மொத்தம் எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, என்னென்ன பதவி என்று கேளுங்கள். பாதிப் பேர் பேங்கில் ரிலேஷன்ஷிப் மேனேஜர் என்ற பெயரில் இன்சூரன்ஸ் பாலிசி விற்கப் போயிருந்தால் கல்லூரி காட்டும் சம்பளத் தொகையில் இன்சென்டிவும் அடங்கியிருக்கும். இந்தத் தில்லுமுல்லைத் தடுக்க அகமதாபாத் ஐஐஎம் முன்னின்று ஒரு பொதுவான அறிக்கை முறையை உருவாக்கியது. தணிக்கை செய்த அறிக்கை இருக்கிறதா என்று கேட்டாலே பல கல்லூரிகளின் குரல் இறங்கிவிடும்.

அப்பாவின் மனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 7.5 லட்சத்துக்கு மேல் போனால் பேங்குகள் வழக்கமாக ஈடு கேட்கும். ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் தர 2024 நவம்பரில் பி.எம். வித்யாலட்சுமி திட்டம் வந்தது. ஆனால் அது தரவரிசையில் முன்னால் இருக்கும் நிறுவனங்களுக்கு மட்டும். உங்களுக்குச் சீட் தருவதாகச் சொல்லும் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அரசுத் திட்டமே ஈடில்லாமல் கடன் தராத இடத்துக்கு உங்கள் அப்பா ஏன் மனையை வைக்க வேண்டும்? அங்கே தருவது எம்பிஏ பட்டமா, பிஜிடிஎம் டிப்ளமோவா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டிப்ளமோ என்றால் பல்கலைக்கழகச் சங்கத்தின் சமநிலைச் சான்று அதற்கு உண்டா என்று பாருங்கள். ஐஐஎம்களே 2017-ல் அவற்றுக்கான சட்டம் வரும்வரை டிப்ளமோதான் கொடுத்தன. அது அவர்களுக்குச் செல்லும், எல்லோருக்கும் செல்லாது.

எம்.டெக் பக்கம் கணக்கு வேறு. கேட் மதிப்பெண்ணோடு முழுநேரம் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. இரண்டு வருடத்துக்கு ஏறக்குறைய மூன்று லட்சம். ஐஐஎஸ்சி போன்ற இடங்களில் ஃபீஸ் சில பத்தாயிரங்களில் முடிந்துவிடும். ஆனாலும் இது இலவசமில்லை. இரண்டு வருடச் சம்பளமாக ஏழு லட்சம் போகும். மெஸ் பில் போக மிஞ்சுவதில் வீட்டுக்குப் பத்தாயிரம் அனுப்ப முடியாது. அந்தப் பத்தாயிரத்தில் உங்கள் வீட்டில் எது ஓடுகிறது, தம்பி தங்கை படிப்பா, மருந்துச் செலவா என்று நீங்கள் எழுதவில்லை. அப்பாவிடம் உட்கார்ந்து இதைத்தான் முதலில் பேசுங்கள். சேருவதற்கு ஒரு வருடம் இருக்கிறது. அதற்குள் கொஞ்சம் ஒதுக்கி வைக்க முடிந்தால் அப்பாவுக்கும் பாரம் குறையும்.

"எம்.டெக் என்றால் லெக்சரர் வேலை" என்று உங்களிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஏதோ ஒரு தனியார் கல்லூரியில், காலியாகக் கிடக்கும் எம்.இ. இடத்தில் சேர்ந்து படித்தால் அதுதான் நடக்கும். அப்படி ஒரு எம்.இ.க்கும் உங்களைக் கூப்பிடும் அந்த எம்பிஏவுக்கும் பெரிய வித்தியாசமில்லை, கடன் மட்டும் குறைவு. ஆகவே நான் சொல்வது குறிப்பிட்ட சில இடங்களை: மல்லேஸ்வரம் பக்கத்திலுள்ள ஐஐஎஸ்சி, ஐஐடிகள், சூரத்கல், திருச்சி, வாரங்கல் என்ஐடிகள், உங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஐஐஐடி பெங்களூர். தமிழ்நாட்டில் கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியும் கோவை பிஎஸ்ஜியும் சிப் டிசைன் படிப்பான விஎல்எஸ்ஐக்கு நல்ல இடங்கள். அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வில் கேட் மதிப்பெண் செல்லும். அது இல்லாவிட்டால் சீட்டா பி.ஜி. தேர்வு இருக்கிறது. கிருஷ்ணகிரிக்காரர் என்பது அங்கே கைகொடுக்கும். ஆனால் இரண்டு வருடமாகப் பெங்களூரில் இருப்பதால் மட்டும் கர்நாடக ஒதுக்கீடு கிடைத்துவிடாது.

கேட் கஷ்டமா? ஐஐஎஸ்சியில் மைக்ரோ எலெக்ட்ரானிக்ஸ் வேண்டுமென்றால் கஷ்டம்தான், வரிசையில் மிக முன்னால் வர வேண்டும். என்ஐடிகளுக்கு அவ்வளவு இல்லை. மூன்று மணி நேரம், 65 கேள்வி, 100 மதிப்பெண். அதில் 15 பொது அறிவுத்திறன். விடையை எண்ணாகவே தட்டும் கேள்விகளுக்கு மைனஸ் மார்க் கிடையாது. நெட்வொர்க்ஸ், அனலாக், டிஜிட்டல், சிக்னல்ஸ், கன்ட்ரோல், கணிதம் ஆகியவற்றை ஒழுங்காகப் போட்டவர்கள் நல்ல ரேங்க் வாங்குகிறார்கள். எலெக்ட்ரோமேக்னெட்டிக்ஸில் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கைக் கரைக்காதீர்கள். தேர்வு பிப்ரவரியில். மதிப்பெண் மூன்று வருடம் செல்லும், ஆகவே ஒரு வருடம் தள்ளினாலும் வீணாகாது. என்டிபிசி, பவர் கிரிட் போன்ற அரசு நிறுவனங்களும் இதே மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுப்பதுண்டு. அதற்கும் ஒரு கண் வைத்திருங்கள்.

என் பேச்சைக் கேட்டு மட்டும் முடிவெடுக்காதீர்கள். ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் என்பிடெலில் விஎல்எஸ்ஐ பாடம் ஒன்றை எடுங்கள். ஸ்வயம் தளத்தில் மேலாண்மைப் பாடங்களுக்குப் பொறுப்பு ஐஐஎம் பெங்களூர்தான், அங்கே கணக்கியலோ மார்க்கெட்டிங்கோ ஒன்றை எடுங்கள். இரண்டும் இலவசம். வேலை முடிந்து அறைக்கு வந்து, மெஸ் சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி எந்தப் பாடத்தின் அசைன்மென்ட்டுக்குக் கை தானாகப் போகிறது, எது அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிப்போகிறது என்று பாருங்கள். மார்க்கெட்டிங் பாடம்தான் இழுக்கிறது என்றால் நான் சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு, நவம்பரில் ஐஐஎம்களின் பொது நுழைவுத் தேர்வான சி.ஏ.டி. எழுதுங்கள். அப்போதும் அந்தப் போன் கல்லூரிக்குப் போக வேண்டாம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களையும் ஐஐஎம் பெங்களூர் கணக்கில் எடுக்கும். பல ஐஐஎம்களில் பெண்களுக்குத் தனி மதிப்பெண் உண்டு. ஐஐடி மெட்ராஸ் எம்பிஏவும் அதே மதிப்பெண்ணில்தான். ஐஐஎம் கட்டணம் 20 லட்சத்துக்கு மேல் இருந்தாலும் அங்கே கடன் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஐஐஎஸ்சியின் மேலாண்மைத் துறை பொறியியல் பட்டதாரிகளுக்காக மாஸ்டர் ஆஃப் மேனேஜ்மென்ட் நடத்துகிறது. அதற்குக் கேட் மதிப்பெண்ணும் செல்லும்.

கேட் நினைத்தபடி வரவில்லை என்றால் வேலையை விட்டுவிட்டு இன்னொரு வருடம் கோச்சிங் என்று உட்காராதீர்கள். பிட்ஸ் பிலானி வேலையில் இருப்பவர்களுக்கு நடத்தும் எம்.டெக் இருக்கிறது. ஐஐஎஸ்சியிலும் ஆன்லைன் எம்.டெக் உண்டு. கேம்பஸ் பிளேஸ்மென்ட் அவற்றில் கிடைக்காது, அது பெரிய குறைதான். கைக்கு வரும் சம்பளம் நின்றுபோகாது என்பது மட்டும் லாபம். ஊர் முழுக்க "விஎல்எஸ்ஐ பயிற்சி, நூறு சதவீதம் வேலை" என்று போர்டு வைத்திருக்கும் சென்டர்களில் ஓரிரண்டு லட்சம் கட்டுவதற்கு முன், அங்கே போன வருடம் படித்த ஒருவரையாவது தேடிப் பேசிவிடுங்கள்.

அம்மாவிடம் கணக்கைச் சொல்லுங்கள். அடுத்த ஜூலையில் சேர்ந்தால் முடிக்கும்போது உங்களுக்கு 27. அவர் சொன்ன கெடுவுக்குள்தான் இருக்கிறது. அதற்குள் வரன் பார்க்க ஆரம்பித்தால், நடுவில் படிப்பை நிறுத்தச் சொல்லாத வீடாகப் பார்க்கச் சொல்லுங்கள். இதை இப்போதே பேசிவிடுவது நல்லது.

கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட் கடைசியில் திறக்கும். பெண்களுக்குக் கட்டணம் பாதிதான். பழைய யுஆர்ட் கோட் எந்தத் தோழியின் லேப்டாப்பில் இருக்கிறதோ, இந்த வாரமே கேட்டு வாங்கி வையுங்கள். எம்.டெக் இன்டர்வியூவில் கடைசி வருட புராஜெக்ட்டைத்தான் முதலில் கிளறுவார்கள்.